பன்றித் தலைகளுக்கு நடுவே கருடன்

பழைய புத்தகத்துக்கு வரக்கூடிய வியாதி எல்லாம் அதற்கு வந்திருந்தது. முதுகுத் தோல் உரிந்து தொங்கியது. பூச்சி துளைத்திருந்தது. மழைத்தண்ணீர் இறங்கி ஓரமெல்லாம் காப்பிக் கறையாகியிருந்தது. இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களின் குலச்சின்னங்களைப் பற்றிய புத்தகம் அது. பக்கத்துக்குப் பக்கம் கேடயம், கிரீடம், நாக்கை நீட்டும் சிங்கம், வெட்டிய பன்றித் தலை. ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் செய்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறும்போது எங்கள் சங்க நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு யார் அதைத் தேடினார்கள்? பீரோவின் அடித்தட்டில் அது பாட்டுக்குக் கிடந்தது.

அட்டை மேல் என் மாமனார் வரதராஜின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: ‘பழுது. யாருக்கும் தரக் கூடாது.’ எனக்கு முன்னால் அவர்தான் அங்கே நூலகர். அவர் காலமான பிறகு அந்த நாற்காலியும் சாவிக்கொத்தும் எனக்கு வந்தன. அவர் எழுதி ஒட்டியதைப் பிரித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. அவர் அப்படிப்பட்ட மனிதர். நூலகத்துக் குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்.

வெள்ளிக்கிழமை சங்கச் செயலாளர் கௌதம்ராஜ் வந்து, பழைய புத்தகங்களைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போடப் போகிறோம் என்று அதை எடுக்கச் சொன்னார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். ஒரு படத்தாள் இல்லை. தையலை ஒட்டி நறுக்கென்று வெட்டியிருந்தது.

“பூச்சி இம்புட்டு நேராத் திங்காது மேடம். பிளேடு போட்டிருக்கு. பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்டதான் சார்.”

“வேற?”

“வேற யார்கிட்டயும் இல்ல.”

“நான் ஒண்ணும் சொல்லல. திங்கக்கெழமை கமிட்டி கூடுது. அவிய கேப்பாக. பதிலை யோசிச்சு வச்சுக்கிடுங்க.”

ஒண்ணும் சொல்லல என்று சொல்பவர்கள்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வெட்டிய இடத்துக்கு எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். காணாமல் போன படத்தின் சாயம் ஒற்றி அங்கே லேசாக நிழல் படிந்திருந்தது. விரித்த சிறகுகள், காலடியில் வளைந்த ஒரு பாம்பு; யாரோ ஒரு பிரபுவின் கழுகு போல. அதை போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

வீடு திரும்பும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. வேலை போனால் போகட்டும், வேறு பார்த்துக்கொள்ளலாம். திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு இந்த இரண்டு ஊரிலும் எப்படி நடமாடுவது? என் புருஷன் வைகுந்த் என்னை நம்புவார். கமிட்டி நம்புமா? போனை எடுத்து அந்த நிழலையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த சிறகு.

வீட்டில் அத்தை, என் மாமியார் அரவிந்தவல்லி, விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். பெருமாள் படங்களுக்குப் பக்கத்தில் எங்கள் கருடன், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கும்பிடுகிற கருடன். சிவப்புப் பின்னணியில் பொன்னிறச் சிறகு விரித்து, நகத்தில் பாம்பைப் பிடித்துக்கொண்டு. கண்ணாடி மேல் அப்பிய சந்தனத்தில் பாதி உடம்பு மறைந்திருந்தது. போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வளைவு.

“அத்தை, இந்தக் கருடன் ஏது?”

“தேர்த் திருவிழாவுல, தேர்க்கடையில வாங்குனது. எதுக்குக் கேக்க?”

பதில் ரொம்ப வேகமாக வந்தது.

புத்தகம் வந்த அன்றே ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் ஊதா முத்திரை குத்துவது எங்கள் சங்கத்து வழக்கம். முத்திரை இல்லாவிட்டால் இது வேறு படம். இருந்துவிட்டால் எடுத்தது என் மாமனார். அவரைத் தவிர அந்தப் பீரோவைத் திறந்தவர் யார்? ஆண்டாளே, இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு சட்டத்தைக் கழற்றினேன்.

“ஏட்டி, தொடாத!” என்று அத்தை ஓடி வந்தாள். அதற்குள் பின்பக்கத்து ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்புத் துணியைக் கத்தியால் கீறி, அட்டையை நெம்பிவிட்டேன்.

ஊதா முத்திரை. கொஞ்சம்கூட மங்கவில்லை.

“மாமாவா?” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அவிய இல்ல. நாந்தான்.” அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “சரஸ்வதி பூசைக்கு பீரோவெல்லாம் தொடச்சுப் பொட்டு வைக்கப் போனேன். அவிய தபாலாபீசுக்குப் போயிருந்தாக. இந்தப் புத்தகத்தைத் தொடைக்கையில விரிஞ்சிட்டு. பாத்தா கருடன்! நம்மூருல ஆண்டாளுக்கும் ரெங்கமன்னாருக்கும் பக்கத்துலயே நிக்கவரு. இங்க பன்னித் தலைக்கும் நாய்க்கும் நடுவுல, விளக்கில்லாம, பூட்டிக் கெடக்காரு. எனக்கு மனசு கேக்கல. மேசையில பிளேடு கெடந்துச்சு.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தேர்க்கடைன்னு சொன்னேன், நம்பிட்டாக. சாகுற மட்டும் தெரியாது. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்.”

என் கையில் இருந்த சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழிந்த புத்தகங்களின் முதுகில் நான் தினமும் ஒட்டுகிற அதே துணி. என் பார்வை போன இடத்துக்கு அத்தையின் பார்வையும் வந்தது. வைகுந்தின் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கெல்லாம் மாமா அந்தத் துணியைத்தான் காசு கொடுத்து வாங்கி ஒட்டுவாராம். அவளுக்கா தெரியாது?

“இது நான் ஒட்டுனது இல்லியே” என்றாள். “தொறந்து பாத்திருக்காக. பாத்துட்டு, திரும்ப ஒட்டி, தெனமும் இதுக்கு முன்னால நின்னு கும்பிட்டிருக்காக. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே!”

குண்டூசிக்குக்கூட கணக்குப் பார்த்த மனிதர். ‘பழுது. யாருக்கும் தரக் கூடாது’ என்று அவர் பூட்டி வைத்தது அத்தையின் ரகசியத்தைத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இதைச் சொன்னால் நான் தப்பிப்பேன், தெரிந்தே மறைத்தார் என்று அவர் பெயர் போகும். சொல்லாவிட்டால் என் பெயர் போகும். இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை நான் குளித்துவிட்டு வந்தபோது அத்தை வெளுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, கருடனை மடியில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர். விரலை நனைத்து நனைத்து, சட்டத்தில் மிச்சமிருந்த சிவப்புத் துணியை இழை விடாமல் உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன செய்யுதிய அத்தை?”

“நானும் வாரேன். வெட்டுனது நாந்தான்னு நானே சொல்லுதேன்.” உரித்த துணியை மடித்துச் சுருக்குப் பையில் போட்டு வாயை இறுக்கினாள். “கமிட்டிக்குக் கருடனும் நானும் போதும். ஒங்க மாமா எதுக்கு அங்க வரணும்?”