தங்கை வீட்டு வெயில்

தங்கை குடியிருந்த கட்டடத்துக்குச் சோலார் சுவர் வந்த நாளிலிருந்து தையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம்தான் அந்தக் கட்டடம். பால்கனிக் கைப்பிடியிலிருந்து ஜன்னல் ஓரம்வரை கருநீலப் பலகைகளைப் பதித்து அதன் முகத்தையே மாற்றிவிட்டார்கள். ஊசியில் நூல் கோக்க நிமிரும்போதெல்லாம் அது கண்ணில் பட்டுத் தொலைத்தது.

சின்ன வயதிலிருந்தே எதிலும் முந்திக்கொள்பவள் தங்கை. இதிலுமா என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தன் கட்டடக் கூட்டத்தில் இதே பேச்சு எழுந்தபோது, சங்கச் செயலாளரான அவளே குறுக்கே விழுந்தாள்.

"சுவத்தைத் துளைச்சா மழைத்தண்ணி உள்ள வரும். யாரோ செஞ்சாங்கன்னு நாமளும் ஆடணுமா?"

ஒழுகாது என்று பலகை பதிக்கும் கம்பெனி இன்ஜினியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் அவளை நம்பித் தலையாட்டினார்கள்.

கோடையில் ஒரு பகல் கரண்ட் போனது. வருகிற வழியைக் காணோம். மறுநாள் பள்ளி திறப்பு. சீருடைகள் பாதி தைத்தபடி கிடந்தன. எதிர்க் கட்டடத்தில் மட்டும் மின்விசிறிகள் ஜாம்ஜாமென்று சுற்றின. தங்கை போன் செய்தாள்.

"அக்கா, மெஷினைத் தூக்கிட்டு இங்க வாயேன்."

"வேணாம். இப்ப வந்துரும்."

வரவில்லை. வேறு வழியில்லாமல், வீட்டுக்காரர் மெஷினைச் சுமக்க, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

தங்கையின் பால்கனியோரம் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய நேரமிருக்கும்போதே பலகைகள் மேல் நிழல் ஏறியது.

"எல்லாம் உங்க கட்டடத்து நிழல்" என்றாள் தங்கை கடுகடுப்பாக. "ஒசரமா நின்னு எங்க வெயிலை மறைக்குது. அதோ உங்க பக்கச் சுவத்தைப் பாரு. ஒட்டினாப்ல தாழ்வா பள்ளிக்கூடம், மறைக்க ஒண்ணுமில்ல. நாள் பூரா வெயில் சும்மா கொட்டுது. பாத்தாலே வயிறு எரியுதுக்கா."

தையல்காரியின் கால் பெடலிலிருந்து தானாக எழுந்தது. இவளுக்கா வயிறு எரிகிறது, அதுவும் என்னைப் பார்த்தா!

சீருடைகளைக் கொடுத்த கையோடு தன் கட்டடத்தில் வீடு வீடாக ஏறி, நாமும் பலகை பதிக்கலாம் என்றாள்.

"ஒழுகும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கீழ்வீட்டு வாத்தியார் மடக்கினார்.

"ஏதோ வெவரம் தெரியாம சொல்லிட்டேன் சார்" என்று கூசாமல் சமாளித்தாள்.

மழைக்காலத்துக்கு முன்பே பக்கச் சுவர் முழுக்கப் பலகைகள் ஏறிவிட்டன. தங்கையை வரவழைத்துக் கீழே நிற்க வைத்துக் காட்டினாள். தங்கை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு." குரல் உள்ளே போயிருந்தது.

அந்தக் குரலைக் கேட்கத்தான் அக்கா இத்தனை நாள் அலைந்தாள். கேட்டதும் இனித்தது. ஆனால் தங்கை தெருவைக் கடக்கத் திரும்பியபோது மனசு கேட்கவில்லை. அந்த எரிச்சலோடு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"நில்லுடி, டீ குடிச்சிட்டுப் போ" என்று பின்னாலேயே ஓடினாள்.