பலூன் வெடிக்கும் நேரம்

லோடோவாலாவின் தங்கைக்குச் சனிக்கிழமை நனுமேயாத் தீவில் கல்யாணம். அங்கே போக வியாழன் பகல் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஒரு கப்பல். அதை விட்டால் அடுத்தது மூன்று வாரம் கழித்து. அதற்குள் புது மாப்பிள்ளையோடு முதல் சண்டையே முடிந்திருக்கும். போதாக்குறைக்கு, புது கேப்டன் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் கெட்ட பழக்கம் உள்ளவர்.

குறுக்கே நின்றது ஒரு பலூன். ஃபுனாஃபுட்டித் தீவின் வானிலை நிலையத்தில், கருவி கட்டிய ஹைட்ரஜன் பலூனைப் பறக்கவிடுவது லோடோவாலாவின் வேலை. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், பலூன் பெரிதாகும், கடைசியில் வெடிக்கும். வெடித்த பிறகுதான் விட்டவன் நாற்காலியை விட்டு எழலாம் என்பது தலைமை அதிகாரி லோசலின் அக்கா போட்ட சட்டம்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் நீங்க பாத்துக்கக் கூடாதா?"

"பலூன் வெடிச்சப்புறம்தான்டா உன் லீவு ஆரம்பிக்குது. அவசரம்னா மேல போய் ஊசியால குத்திட்டு வா."

ஊசிக்குப் பதில் அவன் பேனாவை எடுத்தான். இருபது கன மீட்டரில் வெடிக்கும் என்று பலூன் பெட்டியில் அச்சடித்திருந்தது. வழக்கமாக ஒன்றேகால் நிரப்புவார்கள். இரண்டு நிரப்பினால் வேகமாக ஏறும், பத்து மடங்கு பெருத்ததுமே வெடிக்கும். அதாவது, அழுத்தம் பத்தில் ஒன்றாகும் உயரத்தில். அதுவரை கருவியிலிருந்து தகவல் வந்தால் போதும், இன்னொன்று விடச் சொல்ல மாட்டார்கள். பதினொன்றரைக்கு விட்டால் பன்னிரண்டு பதினாறுக்கு டமார். துறைமுகம் பைக்கில் ஐந்து நிமிடம்.

வாயுக் கணக்கின் வாய்பாட்டில் அழுத்தம், கன அளவோடு வெப்பநிலை என்றும் ஒன்று இருந்தது. ஃபுனாஃபுட்டியில் அது நேற்றும் முப்பது, இன்றும் முப்பது. மாறாததை எதற்குச் சுமப்பது என்று சமன்பாட்டின் இரண்டு பக்கமும் அதை அடித்துவிட்டான்.

"என்னடா, இன்னிக்கு இது கொழுத்துப் போயிருக்கு?"

"கல்யாண விருந்து, அக்கா."

பன்னிரண்டு பதினாறு வந்தது. பலூன் வெடிக்கவில்லை. பதினெட்டுக்கும் ஏறிக்கொண்டிருந்தது. லோசலின் அவனுடைய தாளை இழுத்துப் பார்த்துவிட்டு, கருவியின் தகவல் ஓடிய திரையை விரலால் தட்டினாள்.

"மேல மைனஸ் எண்பதுடா. அந்தக் குளிர்ல வாயு சுருங்காதா? அழுத்தம் பத்துல ஒண்ணு ஆனப்ப உன் பலூன் ஆறரை மடங்குகூடப் பெருசாகல."

"அப்ப எப்பக்கா வெடிக்கும்?"

"கணக்குப் புலி நீதானே? போடு."

வெப்பநிலையைச் சேர்த்துத் திரும்பப் போட்டான். ஏழு நிமிடம் தாமதம் என்று வந்தது. இந்த முறை கணக்கு சரி. பன்னிரண்டு இருபத்துமூன்றுக்கு வெடித்தது.

அவன் துறைமுகத்தில் பைக்கைப் போட்டபோது கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு வீடு கட்டும் அளவுக்குத் தண்ணீர். மேல்தளத்திலிருந்து சித்தி மகன் டீனெய் கையைக் குவித்துக் கத்தினான்.

"என்னடா ஆச்சு?"

"குளிரை மறந்துட்டேன்."

மேல்தளத்தில் இருந்த நாற்பது பேரும் வியர்வையில் ஒட்டிக்கிடந்த அவன் சட்டையைப் பார்த்தார்கள்.

"சரி, தங்கச்சிகிட்ட அப்படியே சொல்லிடறேன்," என்றான் டீனெய்.