சூசையப்பர் பந்தி

சூசையப்பர் திருநாளுக்கு மூன்று பேரை அழைத்து இலை போட்டு உட்கார வைப்பது ரெஜினாள் வீட்டு வழக்கம். வயசாளி ஒருவர் சூசையப்பர், பெண் ஒருத்தி மாதா, குழந்தை ஒன்று இயேசு. சாதி மதம் பார்க்கக் கூடாது. வீட்டுக்காரி மூவரின் காலையும் கழுவித் துடைத்து முத்தமிட வேண்டும். அவர்கள் சாப்பிட்டு எழும்பும்வரை வீட்டார் ஒரு பருக்கையைக்கூடத் தொடக்கூடாது. பாதியில் அவர்களை எழுப்பினாலோ அது மகா பாவம். தாராவியில் ஒற்றை அறைக்குள் இத்தனையும் நடத்த வேண்டுமென்றால் கட்டிலைக் கழற்றிச் சந்தில் சாத்தியாக வேண்டும். சாத்தியாயிற்று.

இந்த வருஷம் அது நேர்ச்சையும்கூட. ரெஜினாளின் மூத்தவன் ஜோஸ்வின், ஓர் எழுத்து எழுதச் சொன்னாலும் பெஞ்சுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டவன், இப்போது வகுப்பில் முதல் பிள்ளை. எல்லாம் ஷாலினியிடம் டியூஷன் சேர்த்த பிறகு வந்த அதிர்ஷ்டம். சந்துக் கோடியில், மாடியறையில், சாயங்காலமானால் ஒரு பட்டாளம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிற பி.காம். படித்த பெண். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அப்பேர்ப்பட்டவளை மாதாவாக உட்கார வைக்காமல் வேறு யாரை வைப்பது?

சூசையப்பர் யார் என்பதில் குழப்பமே இல்லை. தோல் பட்டறையில் உழைத்து ஓய்ந்த கிழவர் பூலோகம்தான் எப்போதும். "சுடலைமாடனக் கும்பிடுதவனுக்கு மோட்சத்துல எடம் புடிச்சுக் குடுத்திட்டியே தாயி" என்று சிரித்தபடி வந்து சம்மணம் போட்டார்.

சண்டையெல்லாம் இயேசுவுக்குத்தான். வீட்டுப் பிள்ளைகள் பந்தியில் உட்காரக் கூடாது என்று எத்தனை சொல்லியும், நாலு வயது இளையவள் ரியா "நாந்தான் ஏசு" என்று தரையில் புரண்டாள். கடைசியில் எதிர்வீட்டுக் கலைச்செல்வியின் மகள் கவிஷாவைக் கூப்பிட்டார்கள்.

"பொம்பளப் பிள்ள எப்படிம்மா ஏசுவாவும்?" என்றான் ஜோஸ்வின்.

"சோறு திங்க வந்த ஏசுவுக்கு மீசையா வேணும்? வாய மூடுல."

ரெஜினாள் முதலில் பூலோகத்தின் காலைக் கழுவினாள். அடுத்து ஷாலினியின் காலை. பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, மஞ்சள் தேய்த்து, புதுத் துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டபோது அவளுக்குக் கண் கலங்கியேவிட்டது. தன் பிள்ளையைக் கரையேற்றிய கால் அல்லவா?

"அக்கா, பஸ் கரோ, போதும், கூச்சமா இருக்கு" என்றாள் ஷாலினி.

கவிஷாவிடம் வந்தபோது அவள் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சின்னப் பிள்ளதானக்கா, தண்ணி தெளிச்சாலே போதும், சலேகா" என்றாள் ஷாலினி.

"அதெப்படி? ஏசுவ விட்டுட்டா?" ரெஜினாள் சிரித்துக்கொண்டே காலைப் பிடித்து இழுத்துத் தொட்டிக்குள் வைத்தாள். நாளெல்லாம் செருப்பில்லாமல் சந்தில் ஓடுகிற கால். உள்ளங்கால் கரிச்சட்டியாக இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கறுப்பு இறங்க இறங்க, குறுக்கே கோடு கோடாக என்னவோ தெரிந்தது. சாயமாக்கும் என்று அழுத்தித் தேய்த்தாள். குழந்தை "ஸ்ஸ்" என்று உதட்டைக் கடித்தது.

சாயமில்லை. புதுச் சிவப்பும், அதன் அடியில் பழைய நீலமுமாகத் தடிப்புகள். இந்தக் கலைச்செல்வியா பெற்ற பிள்ளையை இப்படிச் செய்தாள்? பேய்கூடச் செய்யாதே!

"யாருட்டி அடிச்சது? அம்மாவா?"

கவிஷா இல்லை என்று தலையாட்டினாள். அவள் கண் பக்கத்து இலைக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"அது டியூஷன் ஸ்கேலும்மா" என்றான் ஜோஸ்வின், நாளைக்கு என்ன கிழமை என்று சொல்வதுபோல. "ஸ்டீல் ஸ்கேல். தப்பா எழுதினா உள்ளங்கால்ல. கைல அடிச்சா அப்புறம் எழுத வராதுல்லா? அவளும் எங்ககூடத்தான படிக்கா. எனக்கும் இருக்கு."

ரெஜினாள் பாய்ந்து அவன் காலைப் பற்றி ஈரக்கையால் தேய்த்தாள். இருந்தது. அதே கோடுகள். அவள் விடியுமுன்னே மாட்டுங்காவில் மெஸ் வேலைக்கு ஓடுகிறவள். பெரிய பையன் தானே குளித்துக்கொள்கிறான் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள். கண்ணெதிரே ஓடித் திரிந்த காலின் அடிப்பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. சற்றுமுன் முத்தமிட்ட உதட்டைப் புறங்கையால் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எழும்பு" என்றாள் ஷாலினியிடம்.

"தாயி, எலையில இருந்து எழுப்பாத" என்று பதறினார் பூலோகம்.

"எழும்புட்டி!"

ஷாலினிக்குக் கோபம் வரவில்லை. அவளும் அதிர்ந்துதான் போயிருந்தாள். "என்னக்கா இப்படிப் பேசுறீங்க? நீங்கதான சொன்னீங்க? சேக்க வந்த அன்னிக்கு, 'கண்ண மட்டும் விட்டுட்டு மத்த எடமெல்லாம் தோல உரிச்சிரு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்'னு? இங்க எல்லா அம்மாவும் அதான் சொல்றாங்க. தோலையா உரிச்சேன் நான்? வெளிய தெரியாத எடத்துலதான அடிச்சேன்?"

"அது எல்லாரும் சொல்லுததுதானட்டி! பேச்சுக்குச் சொல்லுதது!"

ரெஜினாளின் குரல் சந்துவரை கேட்டது. ஆமாம், எல்லாரும் சொல்வதுதான். அவளுடைய அம்மாவும் அவளைப் பள்ளியில் விட்டபோது அதையேதான் சொன்னாள். டீச்சரும் சிரித்தாள், அம்மாவும் சிரித்தாள். அந்தப் பேச்சை வாங்கி ஒருத்தி அப்படியே செய்வாள் என்று யார் கண்டது? ஷாலினி துப்பட்டாவை வாரிச் சுற்றிக்கொண்டு வெளியேறினாள். பரிமாறிய சோறு இலையில் அப்படியே கிடந்தது. கவிஷா பூலோகத்தின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஏம்ல எங்கிட்டச் சொல்லல?" ரெஜினாள் மகன்முன் மண்டியிட்டாள். "ஒரு வார்த்த சொல்லக் கூடாதால மக்கா?"

ஜோஸ்வினுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ஒனக்குத் தெரியும்லா" என்றான். "நீ சொல்லும்போது நான் ஒன் கையப் புடிச்சிக்கிட்டுத்தான நின்னேன்."

ரெஜினாள் அவனை வாரியெடுக்கக் கையை நீட்டினாள். கை தன்பக்கம் வருவதைக் கண்டதும், ஜோஸ்வின் கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினான்.