அஞ்சு சென்ட் மிச்சம்

உம்மா துக்கம் காத்த நாலு மாத இத்தா முடிந்த மறுநாளே எளாப்பா மம்மது, பங்கு சொல்ல மார்க்கம் படித்த ஒரு முஸ்லியாரைக் கூட்டிக்கொண்டு, கையில் முளைக்குச்சிகளோடு வந்துவிட்டார். இறந்துபோன உப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மகள்கள் ரம்லாவுக்கும் அவள் அக்காவுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. மிச்சம் உப்பாவின் தம்பியான எளாப்பாவுக்கு. இதில் யாருக்கும் மறுபேச்சில்லை. ஆனால் எளாப்பா, தன் மிச்சம் ஐந்து சென்ட் என்று சொல்லிக் கிணற்றைச் சுற்றி முளை அடித்தார். அந்தக் கிணறு போனால் கோடையில் குடிதண்ணீருக்குக் குன்றின் அடிவாரம்வரை நடக்க வேண்டும்.

உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ரம்லாவிடம் கிசுகிசுத்தாள். "கணக்குல நீதானே கிளாஸ்ல முதல்? போட்டுப் பாரு. அஞ்சு கூடுதல்னு மட்டும் தெரியட்டும், அந்த முளைய நானே பிடுங்கி அவர் தலையில போடுறேன்."

ரம்லா ஒரு கல்யாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதினாள். மொத்த நிலம் x. அதில் எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, கூட ஐந்து. எல்லாம் சேர்ந்தால் திரும்பவும் x. பின்னம் ஒழிய இருபத்து நான்கால் பெருக்கினாள்.

3x + 16x + 5 = 24x.

"மொத்தமே ஒரு சென்ட்தான் வருது, எளாப்பா."

"ஒரு சென்ட்லயா இத்தன பேரும் நிக்கிறோம்? நல்ல பள்ளிக்கூடம்டீ! முஸ்லியாரே, கால ஒதுக்குங்க, என் பங்க மிதிக்கிறீங்க."

ரம்லாவுக்குக் காது மடல் சுட்டது. ஐந்தைப் பெருக்க விட்டிருந்தாள். அது நூற்று இருபது. அப்படியானால் 5x = 120. x இருபத்து நான்கு. பத்திரத்திலும் அதே இருபத்து நான்கு சென்ட்தான். மறுபடி போட்டாள். தன் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று முதல்முறையாகப் படைத்தவனிடம் கேட்டாள். தப்பாக இல்லை.

"சரிதான்."

"உரக்கச் சொல்லு மோளே, உன் உம்மாவுக்குக் கேக்கணும்."

"அஞ்சு சரிதான், எளாப்பா."

"மாஷா அல்லாஹ், கெட்டிக்காரி!" என்றார் முஸ்லியார்.

உம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "அஞ்சு சரி. எந்த அஞ்சுன்னு உன் கணக்குல வருதா? பின்னால பாறைப் பக்கம் அஞ்சு இல்லையா?"

ரம்லா அழைப்பிதழைப் பார்த்தாள். அதில் பாறையும் இல்லை, கிணறும் இல்லை.

"இனி என்ன இத்தாத்தா, கணக்கு சரின்னு உங்க பிள்ளையே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாளே" என்று அண்ணனின் மனைவியிடம் சொல்லிக்கொண்டே எளாப்பா கடைசி முளையை இன்னும் ஆழமாக இறக்கினார்.

உம்மா கிணற்றடிக்குப் போய் வாளியையும் கயிற்றையும் அவிழ்த்து வந்து ரம்லாவின் காலடியில் போட்டாள்.