கிடைக்காத முனை

இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்கவே முடியாது. அண்ணி தையல் மெஷினில் புது ஊசியை மாட்டித் திருகாணியை முறுக்கி முடிப்பதற்குள் கேட்டுவிட வேண்டும். ‘ஊசி ஒடிஞ்சிடுச்சா அண்ணி?’ அவ்வளவுதான். கண்ணாடியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டால் போதும். கேட்கத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது.

அண்ணி திருகாணியை முறுக்கி முடித்தாள். ஒடிந்த ஊசியின் கட்டைப் பாதி அவளுடைய ஏப்ரன் பைக்குள் போனது. ஒருமுறை தலையைத் தூக்கிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அந்தப் பார்வை தன்மேல் வருவதற்கு முன் இவள் குனிந்துகொண்டாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஊசி ஒடிவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அதற்கென்று அங்கே ஒரு வழக்கமே இருந்தது. ஒடித்தவள் கையைத் தூக்கி “ஒடிஞ்சுது!” என்று சத்தம் போட வேண்டும். எல்லா மெஷினும் நிற்கும். யாரும் எழுந்திருக்கக் கூடாது, துணியை உதறக் கூடாது. முனையைத் தேடி எடுத்து, கட்டைப் பாதியோடு ஒட்டிவைத்துப் பார்த்து, முழு ஊசியாகிறது என்று இரண்டு பேர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த தையல். முனை கிடைக்காவிட்டால் அந்த மெஷினில் அன்று தைத்த அத்தனையையும் பிரித்தாக வேண்டும். ஏனென்றால் அவர்கள் தைப்பது ஆஸ்பத்திரியில் இருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கான குட்டி மெத்தை. ஒரு முழ நீளம்கூட இராது. அதன்மேல் படுக்கப்போகிறவற்றுக்குப் புரண்டு படுக்கவும் தெரியாது, எங்கே குத்துகிறது என்று சொல்லவும் தெரியாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளே அண்ணிதான்.

வாரத்துக்கு இரண்டு நாள் அண்ணி வீட்டு மாடிக் கூடத்தில் தையல் நடக்கும். அண்ணி வீடு என்றால் இவள் கல்யாணமாகி வந்த வீடும் அதுதான். தாயில்லாத தம்பியை, அதாவது இவள் கணவனை, வளர்த்து ஆளாக்கி, அவனுக்குப் பெண் பார்த்து, கீழ்த்தளத்தை அவர்களுக்கு விட்டுக் கொடுத்தவள் அண்ணி. கூட்டத்தில் கணக்கு டீச்சர் துணி வெட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலோர மெஷினில் உட்காருவாள். மூச்சு விடுவதற்குக்கூடப் பேச்சை நிறுத்தாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். இவளுக்குக் கைத்தையல் என்று பெயர். மெஷினில் தைத்து வந்ததைப் புரட்டி, பஞ்சைத் திணித்து, திறந்திருக்கும் பக்கத்தைக் கையால் தைத்து மூடுவது இவள் வேலை. வந்த புதிதில் ஒருநாள் மெஷினில் உட்கார்ந்தபோது அண்ணி பின்னால் வந்து நின்று, “உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்” என்று சிரித்தாள். அன்றோடு சரி.

மடியில் இருந்ததை மூடிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அண்ணி மெஷினிலிருந்து வந்தது. காலையிலிருந்து வந்தவை எல்லாம் ஒரே அடுக்காக இவள் பக்கத்தில் இருந்தன. எதில் இருக்கிறது? இதிலா, ஏற்கெனவே மூடி வைத்ததிலா, இல்லை தரையில் எங்காவது தெறித்து விழுந்துவிட்டதா? கீழே சிதறிய குண்டூசிகளைப் பொறுக்குகிற சாக்கில் காந்தத்தை அண்ணியின் காலடியெல்லாம் ஓட்டிப் பார்த்தாள். குண்டூசிகள்தான் வந்தன. மெத்தைகளின்மேல் ஓட்டினாள். அத்தனை பஞ்சுக்குள் கிடக்கும் ஒரு கடுகளவு இரும்பு எந்தக் காந்தத்துக்கு மசியும்? பிறகு ஒவ்வொன்றாக எடுத்து முன்கையின் உட்பக்கத்தில் வைத்து அழுத்தி உருட்டினாள். ஒன்றில் சுருக்கென்றது. மறுபடி உருட்டினாள். ஒன்றுமில்லை. இன்னொரு முறை. ஒன்றுமில்லை. குத்தியதா, குத்தும் என்று பயந்த பயமே குத்தியதா, தெரியவில்லை.

“என்ன கைத்தையல், இன்னிக்கு ஊசி நகரவே மாட்டேங்குது?” என்றாள் ரேடியோ.

“நூல் சிக்கிடுச்சு.”

“நூலா, வீட்டுக்காரரா? சண்டைன்னா தாராளமா சொல்லு. சேந்து அழ மாட்டோம், சிரிக்கிறதுக்கு நாங்க இத்தனை பேர் இருக்கோம்.”

கணக்கு டீச்சர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

அண்ணி ஏன் கையைத் தூக்கவில்லை என்பது இவளுக்குத் தெரியும். போன மாதமே அண்ணி மெஷினில் அடிக்கடி ஊசி ஒடிந்தது. கண்ணில் புரை, தையல் கோடு அவளுக்கு இரண்டாகத் தெரிகிறது. வார்டுப் பொறுப்பிலிருக்கும் சிஸ்டர் வந்திருந்தபோது பதமாகத்தான் சொன்னாள்: “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க மெஷினை விட்டுடுங்கக்கா. மேற்பார்வை பாருங்க, போதும்.” அன்று இரவு அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, இப்போது சொல்லிவிட்டால்? குழந்தைகளுக்காகச் சொன்னதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். இவளும் அப்படியே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அண்ணி திருட்டுத்தனமாகத் திருகாணியை முறுக்கியதைக் கண்ட அந்த நொடியில், பயம் வருவதற்கும் முன்னால், வயிற்றுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்ததே, அது என்ன? இந்த வீட்டில் எது உடைந்தாலும் அது இவள் கணக்கில்தான் ஏறும். மாமனார் காலத்துக் கண்ணாடிக் கூஜாவை அண்ணிதான் கை தவறிப் போட்டாள். சாயங்காலம் தம்பியிடம், “போனாப் போகுது விடுடா, அவ என்ன வேணும்னா செஞ்சா” என்றாள். குற்றம் சாட்டினால் மறுக்கலாம். மன்னித்தால் என்ன செய்வது? செய்யாத தப்புக்குக் கிடைத்த மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அதே வீட்டில் வளைய வந்திருக்கிறாள். அந்தக் கடனைத் தீர்க்கவா இப்போது வாயைத் திறப்பது? பச்சைக் குழந்தைகளைச் சாக்காக வைத்துக்கொண்டா? அப்படியென்றால் பேசாமல் இருப்பதுதான் யோக்கியமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் மனசு அழுக்காகவே தெரிந்தது. ஆனால் அவள் மனசு சுத்தமாகிற வரைக்கும் அந்த மெத்தைகள் காத்திருக்காது. மத்தியானம் ஆஸ்பத்திரி வண்டி வந்துவிடும்.

டீ போடக் கீழே இறங்கியபோது அண்ணியும் பின்னாலேயே வந்தாள். சமையலறைக் கதவை லேசாகச் சாத்தினாள்.

“நீ பாத்துட்ட.”

“பாத்தேன் அண்ணி.”

“அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “முழுக்கத் தேடிட்டேன். மடியில, தட்டுக்கடியில, எல்லா இடத்துலயும். எங்கயோ தெறிச்சுப் போயிருக்கும்.”

“மெத்தைக்குள்ள இருந்தா?”

பால் பொங்கி வந்தது. இவள் தணித்தாள்.

“நீ சொல்றது நியாயம்தான்” என்றாள் அண்ணி கடைசியில். “அந்த அடுக்கைக் குடுக்க வேண்டாம். பிரிச்சிடலாம். நானும் ஒண்ணும் கல்லு இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆனா ஒண்ணு. நீ ஒடிச்சதாச் சொல்லிடு. நான் தண்ணி குடிக்கப் போயிருந்தப்போ சும்மா உக்காந்து பாத்தேன், ஒடிஞ்சிடுச்சு, பயந்துட்டு சொல்லலன்னு சொல்லு. உன்னை யாரு என்ன சொல்லப் போறாங்க? உனக்கு அதனால என்ன போகப் போகுது?”

உனக்கு என்ன போகப் போகுது. யோசித்துப் பார்த்தால் நிஜமாகவே ஒன்றும் போகாது என்றுதான் இவளுக்கும் தோன்றியது. அதுதான் வலித்தது.

“அந்த மெஷினை விட்டு எழுந்தா நான் எங்கம்மா போய் உக்காருவேன்?” என்றாள் அண்ணி. அவள் இப்படிக் கேட்டு இவள் பார்த்ததில்லை. ஒரு கணம், சரி அண்ணி என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மெத்தைகள் பிழைத்துவிடும். அண்ணியும் பிழைத்துவிடுவாள். நாளைக்கு அதே மெஷினில் அதே கண்ணோடு உட்காருவாள். நாளைக்கு ஒடிகிற நேரத்தில் இவள் குனிந்து பஞ்சு திணித்துக்கொண்டிருந்தால்?

டீத் தட்டை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் மாடி ஏறினாள். சம்மதம் என்று அண்ணி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பின்னால் ஏறி வந்த காலடிகளில் ஒரு நிம்மதி கேட்டது.

சிஸ்டர் வரும்போதே அவசரமாக வந்தாள். கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கட்டிவைத்த மூட்டைகளை எண்ணிவிட்டு, இவள் பக்கத்தில் இருந்த அடுக்கைக் காட்டினாள்.

“இதையும் போடலாமே?”

“அது வேண்டாம் சிஸ்டர்” என்றாள் அண்ணி. “ஒரு ஊசி ஒடிஞ்சிடுச்சு. முனை கிடைக்கல.”

“எப்போ?” ரேடியோ மெஷினை நிறுத்தினாள். “நான் இங்கதானே உக்காந்திருக்கேன்? யாரும் சத்தமே போடலியே!”

“நீ வாயை மூடினாத்தானே அடுத்தவங்க சத்தம் கேக்கும்” என்ற கணக்கு டீச்சர், சொன்ன பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனாள்.

“யாரு ஒடிச்சது?” என்றாள் சிஸ்டர்.

அண்ணி இவள் பக்கம் திரும்பினாள். கூஜா உடைந்த சாயங்காலத்தின் அதே கனிவு குரலில் வந்துவிட்டது. நடிப்பில்லை. அண்ணிக்கு நிஜமாகவே அப்படித்தான் வரும்.

“பரவாயில்லம்மா. சொல்லு. யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். இவள் அடுக்கிலிருந்து மேலே இருந்த மெத்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குரல் உயரவில்லை.

“நான் இன்னிக்கு மெஷின் பக்கமே போகல அண்ணி.”

தையல் பிரிக்கும் சிறு கத்தியைத் தான் போட்ட தையலுக்கே கீழே கொடுத்து ஒவ்வொன்றாக அறுத்தாள். பஞ்சு புசுபுசுவென்று வெளியே வந்தது. விரல்களால் பிரித்துப் பிரித்து ஒளியில் பிடித்துப் பார்த்தாள். ஹாரன் மறுபடி அடித்தது, யாரும் நகரவில்லை. பிறகு சிஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அடுத்த மெத்தையை எடுத்தாள்.

மின்விசிறிக் காற்றில் ஒரு இழை பஞ்சு எழுந்து மிதந்து போய் அண்ணியின் முன்தலை முடியில் உட்கார்ந்தது. அண்ணிக்குத் தெரியவில்லை. தட்டிவிட இவள் கை ஒருமுறை எழப்பார்த்தது. பிறகு பஞ்சுக்குள்ளேயே திரும்பி இறங்கியது.