ஷேர் ஆட்டோ, ரிவிஷன் பி

1

இது கதையாகத் தொடங்கவில்லை. கணினி மாத இதழ் ஒன்று அரைப்பக்கக் கட்டுரை கேட்டது. நீங்களே எழுதிய வீடியோ கேமை வெளியே விற்கும்போது அதன் சோர்ஸ் கோடை, அதாவது எழுதிய நிரல் வரிகளை, திருட்டிலிருந்து காப்பது எப்படி? முதல் பத்தியை ஒழுங்காகவே எழுதினேன்.

‘விளையாட்டை வாங்குபவரின் கணினி அதைப் படித்தாக வேண்டும். கணினி படிக்கக்கூடியதைப் பொறுமையுள்ள மனிதரும் படித்துவிடலாம். ஆகவே முழுப் பாதுகாப்பு என்று ஒன்று இல்லை. திருடுகிறவரைக் களைப்படையச் செய்யலாம், அவ்வளவுதான். அதற்கு முதல் வழி—’

அங்கே நின்றுவிட்டது. [ஆசிரியருக்கு: கட்டுரை வரவில்லை. இதுதான் வருகிறது. வேண்டாம் என்றால் திருப்பி அனுப்புங்கள்.]

2

சில தொடக்கங்கள்.

‘சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நிற்கிறது.’ இது விளையாட்டின் தொடக்கம். கதைக்கு உதவாது.

‘பாண்டிச்செல்வி சென்ற மார்ச்சில்—’

‘நானும் என் மனைவியும் சேர்ந்து ஒரு விளையாட்டு எழுதினோம்.’ இதை வைத்துக்கொள்கிறேன்.

இருவருக்கும் கோவில்பட்டிப் பக்கம். இருவரும் கணினி அறிவியல் படித்துவிட்டு, காருக்கு மீட்டர் செய்யும் ஓர் ஆலையில் அசெம்பிளி லைன் வேலைக்கு வந்தோம். ஒரகடம் பக்கம் வடக்குப்பட்டில் வாடகை அறை. தவணையில் ஒரு கணினி. விளையாட்டு எளிமையானது: ஸ்டேஷனில் ஆள் ஏற்ற வேண்டும், லாரிகளில் மோதாமல் ஓட்ட வேண்டும், ஷிப்ட் சங்கு ஊதுவதற்குள் ஆலை கேட்டில் இறக்க வேண்டும்.

எங்களுக்கு வேறு வேறு ஷிப்ட். நான் வரும்போது அவள் போய்விட்டிருப்பாள். ஆகவே கோடுக்குள்ளேயே பேசிக்கொண்டோம். வரியின் முன்னால் ஒரு குறி போட்டால் கணினி அதைப் படிக்காமல் தாண்டிவிடும். மனிதர்களுக்கான குறிப்பு அது.*

‘இந்த லாரி ஹாரன் அடிக்காது. நிஜத்துல மட்டும் அடிக்கானா?’

‘குழம்பு மூடி வச்சிருக்கு. ஆட்டோ ரிவர்ஸ் எடுக்க மாட்டேங்கு, பாருங்க.’

* அவள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாள். இங்கே மாற்றியிருக்கிறேன்.

3

பாண்டிச்செல்வி சென்ற மார்ச்சில் இறந்துவிட்டாள். மூளைக் காய்ச்சல். (இந்த வாக்கியத்தை வேறு எங்கும் வைக்க முடியவில்லை.)

வேலைக்குத் திரும்பினேன். அறைக்கு வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. விளையாட்டை முடித்தேன்.

“சிடி போட்டு ஹாஸ்டல் ஹாஸ்டலா விப்போம்ல,” என்றான் வேல்ராஜ். எங்கள் லைன்காரன். “ஆனா பூட்டிப் போடு. தொறந்து வச்சா எவனாவது பேரை மாத்தி வித்துருவான்.”

நாங்கள் பயன்படுத்திய மொழியில் எழுதிய வரிகள் அப்படியே சிடியில் போகும். யாரும் திறந்து பார்க்கலாம். பூட்டுவதற்கென்று ஒரு மென்பொருள் இணையத்தில் கிடைத்தது. அது பெயர்களையெல்லாம் அர்த்தமில்லாத எழுத்துகளாக்கும், குறிப்புகளை நீக்கும். ஓட்டினேன். அட்டையில் ‘ரிவிஷன் பி’ என்று எழுதினேன்.

அடுத்துச் செய்ததைக் கதாசிரியனாக என்னால் நம்பும்படி எழுத முடியவில்லை. லைனில் வேலை செய்தவர்கள் நம்புவார்கள். திருத்திய வரைபடம் புது ரிவிஷனாக வந்தால் பழைய டிராயிங்கை அன்றே கிழித்துவிட வேண்டும். இரண்டும் மேசையில் கிடந்தால் யாராவது பழையதைப் பார்த்துப் பொருள் செய்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே என் வேலை.

பழைய கோப்புகளை அழித்தேன். அவற்றை நகலெடுத்து வைத்திருந்த சிடியையும் இரண்டாக உடைத்துப் போட்டேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் எழுதியதைப் படிக்கலாம் என்று கணினியைப் போட்டபோதுதான்

(விட்டுவிடுகிறேன்.)

4

வேல்ராஜ் கத்திக்கொண்டே வந்தான். “ஏலே, ஒன் ஆட்டோ சுங்குவார்சத்திரத்துல ஓடுதுல! பிரவுசிங் சென்டர்க்காரன் பேரை மாத்திச் சிடி போட்டு விக்கான்!”

“எப்படிக் கிடைச்சுது அவனுக்கு?”

அவன் தரையைப் பார்த்தான். “முன்னாடி நீ வெளையாடிப் பாக்க ஒரு சிடி குடுத்தேல்லா... அவன் மிஷின்லதான் போட்டுப் பாத்தேன்.”

“எப்போ? பூட்டுறதுக்கு முன்னாடியா?”

“ஆமால. அதுக்குப் போயி ஏன் இப்படிப் பாக்க? வா, ரெண்டு தட்டுத் தட்டிட்டு வருவோம்.”

நான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

5

பிரவுசிங் சென்டர்க்காரன் புருஷோத்தமனை முதல் வரைவில் தங்கச் சங்கிலி போட்டு எழுதினேன். திருடன் அப்படி இருந்தால் எனக்கு வசதி. உண்மையில் அவன் என் வயதுக்காரன். உள்ளூர்க்காரன். அப்பாவின் நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போய், வந்த பணத்தில் நான்கு கணினி வாங்கிப் போட்டிருந்தான். சிடி அட்டையில் ‘புருஷு ஆட்டோ’ என்று இருந்தது.

“இது நான் எழுதினது,” என்றேன்.

அவன் வேல்ராஜையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். முகம் வெளுத்தது. “சார், கம்ப்ளைன்ட்டு கிம்ப்ளைன்ட்டுன்னு போவாதீங்க சார். பத்துப் பாஞ்சு சிடிதான் வித்துகீறேன். இன்னா, அழிச்சிடணும், அவ்ளோதானே? தோ, உங்க கண்ணெதிர்லயே அழிச்சிடறேன்.”

திரையில் விளையாட்டு இருந்த கோப்புறையைத் தேர்ந்தெடுத்தான். அழிக்கட்டுமா என்று கணினி கேட்டது. அவன் விரல் விசைக்குப் போனது.

“வேண்டாம்!”

கடையில் சாட் செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். வேல்ராஜ் என் தோளைப் பிடித்தான். மார்ச்சுக்குப் பிறகு நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல்முறை.

“தொறங்க,” என்றேன். “படிக்கணும்.”

6

எல்லாம் இருந்தன. குழம்பு, ஹாரன், ரிவர்ஸ். அவன் ஆட்டோவின் பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தான். குறிப்புகளில் ஒன்றைக்கூட நீக்கவில்லை. மாறாக, ஒரகடம் கூட்டுரோட்டு வளைவுக்கான இடத்தில் இப்படி இருந்தது:

‘இந்த நம்பரை மாத்தாதீங்க. ஏன்னு அப்புறம் சொல்லுதேன்.’

அதன் கீழே, அவள் எழுதாதது:

‘மாத்திப் பாத்தேன் மேடம். வண்டி கவுந்துடுச்சி. திரும்ப வெச்சிட்டேன். ஏன்?’

“இது நீங்க எழுதினதா?”

“ஆமா சார்,” என்றான். பயம் கொஞ்சம் விட்டிருந்தது. “யாரு சார் அந்தப் பொண்ணு? பூந்து வெளையாடிகீது. அதாண்ட கேட்டுச் சொல்லேன், அது இன்னா கணக்குன்னு. மண்டை காயுது.”

வேல்ராஜ் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

எனக்கும் அந்தக் கணக்கு தெரியாது. அவள் சொல்வதாக இருந்தாள்.

இங்கே மூன்று முடிவுகள் எழுதி அடித்தேன். ஒன்றில் நான் உண்மையைச் சொல்கிறேன், அவன் அழுகிறான். அவன் அழக்கூடியவன் இல்லை. ஒன்றில் குறிப்புகளை நகலெடுத்துக்கொண்டு, அவன் பிரதியை அழிக்கச் சொல்கிறேன். கட்டுரைக்குச் சரியான முடிவு அதுதான். இன்னொன்றில்

நடந்தது இவ்வளவு. அவன் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினான். அவனுடைய ‘ஏன்?’ என்பதற்குக் கீழே ஒரு வரி அடித்தேன். சேமித்தேன். ஒரு பிரதி வாங்கிக்கொண்டேன். “வித்துக்கோங்க,” என்றேன். “ஆனா பூட்டக் கூடாது.”

“இன்னா சார், எவனாவது தூக்கிடுவான் சார்!”

“தூக்கட்டும்.”

என்ன அடித்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், டீக்கடைக்கு மாடியில். சிடியை வாங்கித் திறந்து பாருங்கள். கூட்டுரோட்டு வளைவுக்கு வாருங்கள். வளைவின் கணக்கு உங்களில் யாருக்காவது பிடிபட்டால், என் வரிக்குக் கீழே எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.