பல்தான் போச்சு

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்பவள் அவள். அலுவலகக் கண்ணாடிக் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து வேகமாகப் போய் முட்டிக்கொண்டதில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. வீக்கம் வடிந்து வேலைக்கு வந்தவள் மைக்கைப் பிடித்ததும் ‘த’வும் ‘ச’வும் காற்றாகவே வந்தன. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பயணிகள் ஜன்னலை மொய்த்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, வேறு ஆளைப் போடலாமா என்று மேலாளர் யோசிக்க ஆரம்பித்தார்.

பல் மருத்துவரிடம் அவள் தனியாகப் போகத்தான் நினைத்தாள். கணவன் கூடவே கிளம்பினான். நாத்தனாரும் தொற்றிக்கொண்டாள்.

“பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்டுற பிரிட்ஜே போட்டுருங்க டாக்டர், சீக்கிரம் முடிஞ்சிரும்” என்றான் கணவன், உட்காருவதற்கு முன்பே.

“அதுக்குப் பக்கத்துல இருக்கிற நல்ல பல்லை ராவணும். பரவாயில்லையா?” என்று மருத்துவர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். “ஐயோ, வேண்டாம். கழட்டி மாட்டுற செட்டே போதும். அண்ணிக்கு என்ன, சினிமாவுலயா நடிக்கப் போறாங்க?”

“இம்ப்ளாண்ட்னு...” என்று அவள் இழுத்தாள்.

“எலும்புல திருகு போடுறதா? எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு முகமே பூசணிக்காயாட்டம் வீங்கிப்போச்சு!” என்றாள் நாத்தனார்.

“நீ பேசாதே, காத்துதான் வருது. நான் சொல்லிக்கிறேன்” என்றான் கணவன்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பல்தான் போச்சு, வாய் போகலை! ரெண்டு பேரும் எழுந்து வெளியே போங்க!”

சொன்னதில் பாதி காற்றாகத்தான் போனது. ஆனாலும் இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.

அவர்கள் போய்க் கதவைச் சாத்தியதும் மருத்துவர் கேட்டார், “என்ன வேலை பாக்குறீங்க?”

“பேசுறதுதான் டாக்டர் வேலையே.”

மருத்துவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு உறுதியாக இருந்தது. இம்ப்ளாண்ட் போடலாம், ஆனால் திருகு எலும்போடு ஒட்டச் சில மாதமாகும், அதுவரை கழற்றி மாட்டும் பல்தான், அதோடு பேசிப் பழகணும் என்றார். பக்கத்துப் பல்லில் கை வைக்க வேண்டாம், காத்திருக்கிறேன் என்று அவளே முடிவு சொன்னாள்.

தற்காலிகப் பல் அண்ணத்தில் அப்பளம் ஒட்டியதுபோல் இருந்தது. பழகுவதற்காக வீட்டில் ஓயாமல் அறிவிப்பு செய்தாள். குளியலறையிலிருந்துகூட வண்டிகள் புறப்பட்டன. “அம்மா தாயே, ஒரு வண்டியாவது நிக்கட்டுமே!” என்று கணவன் காதைப் பொத்திக்கொண்டான். நிறுத்துவேனா என்று அவள் குரலை இன்னும் உயர்த்தினாள்.

பேச்சு ஓரளவு தெளிந்ததால் மேலாளர் வேறு ஆளைப் போடவில்லை. ஒருநாள் பெரியவர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“முன்னாடி ஒரு அம்மா பேசுவாங்களே, எங்கே அவங்க? நீங்க என்னம்மா, வாயில எதையோ போட்டுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு!”

“நான்தாங்க அது” என்று பல்லைக் கடிக்கப் போனவள், செட் உடைந்துவிடும் என்ற பயத்தில் கடிக்காமல் விட்டாள். “உங்களுக்கு எந்த வண்டி, சொல்லுங்க.”